கேளுங்க அக்கா: இந்த மாசம் முழுக்க தயிர்தான்

போன மாசம் மோர்க்குழம்பு திரிஞ்சு போகுதுன்னு ஒருத்தர் கேட்டதுக்கு பதில் எழுதும்போது போற போக்குல "கடைத் தயிர விட வீட்டுல உறை ஊத்தினது நல்லா வரும்"னு ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்ததுல முக்கால்வாசி தயிர் கேள்வி. உறையல, புளிக்குது, நூல் விடுது, மாமியார் திட்டுறாங்க, இப்படி. சரி, ஒரு மாசம் மத்த கேள்வியெல்லாம் ஓரமா இருக்கட்டும்னு தயிர மட்டும் எடுத்துக்கிட்டேன். ரசப்பொடி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம்.

அக்கா, கல்யாணமாகி நாலு மாசம், தனிக்குடித்தனம். பாக்கெட் பால் அரை லிட்டர் காய்ச்சி, ஆறவெச்சு, ரெண்டு கரண்டி தயிர் விட்டு மூடி வெக்கிறேன். ஒரு நாள் தண்ணியா இருக்கு, ஒரு நாள் திரிதிரியா மேல தண்ணி நிக்குது. இவர் வேற "எங்கம்மா ஊத்துற தயிர கத்தியால வெட்டலாம்"ங்கிறார். என்னதான் தப்பு பண்றேன்?
(ஒரு வாசகி, சேலம்)

மொதல்ல அவர்கிட்ட கத்திய குடுத்து அவரையே ஒரு நாள் உறை ஊத்தச் சொல்லுங்கம்மா.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன், ரெண்டு இடத்துல இடிக்குது. ஒண்ணு "காய்ச்சி"ன்னு ஒரே வார்த்தைல தாண்டிட்டீங்க. இன்னொண்ணு அரை லிட்டருக்கு ரெண்டு கரண்டி தயிர். யாரு சொன்னா உங்களுக்கு இந்த அளவு? ரெண்டு கரண்டின்னா அது உறைமோர் இல்ல, பாதி சாப்பாடு.

பால் பொங்கி மேல வந்ததும் டப்புனு ஸ்டவ்வ அணைச்சிடுறோம் எல்லாரும், காபிக்கு அது போதும், தயிருக்குப் போதாது. பொங்கினதும் சிம்ல வெச்சு ஒரு பத்து நிமிஷம், கூடவே கரண்டியால அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே காய விடணும். பாக்கெட்ல வர்ற பால்தான் ஏற்கனவே பதப்படுத்தினதாச்சே, எதுக்குத் திரும்பக் காய்ச்சணும்னு கேப்பீங்க. கிருமி சாகறதுக்காக மட்டும் இல்லம்மா. பால்ல கேசீன்னு ஒரு புரதம் இருக்கு, அதுதான் தயிரா இறுகுறது. அது போக, தண்ணியோட போற மோர்ப்புரதம்னு ஒரு வகை இருக்கு. பால 82, 85 டிகிரிக்கு மேல கொஞ்ச நேரம் வெச்சிருந்தா இந்த மோர்ப்புரதம் மடிப்பு கலைஞ்சு போய் கேசீனோட ஒட்டிக்கும். அப்ப ரெண்டும் சேந்து வலை பின்னும், அந்த வலை தண்ணிய நல்லா பிடிச்சு வெச்சுக்கும். இத விட்டுட்டீங்கன்னா வலை ஓட்டையாதான் இருக்கும், தண்ணி ஒழுகும். போதாததுக்கு பத்து நிமிஷம் காயும்போது கொஞ்சம் தண்ணியும் வத்தும், அது தனி லாபம்.

அப்புறம் ஆத்தணும். ஃபேனுக்கு அடில வெச்சுட்டு மறந்துடாதீங்க. சுண்டு விரல நல்லா கழுவி உள்ள விட்டு மெதுவா பத்து எண்ணுங்க, சுடுது ஆனா எடுக்கத் தோணல, அதான் பதம். தெர்மாமீட்டர் வெச்சிருக்கவங்களுக்கு 42, 43 டிகிரி. மூணு எண்றதுக்குள்ள விரல இழுத்தீங்கன்னா இன்னும் ஆறணும். 50 தாண்டினாலே உறைமோர்ல இருக்கற பாக்டீரியா தடுமாற ஆரம்பிச்சிடும், கொதிக்கிற பால்ல விட்டா பொசுங்கிடும். அதே மாதிரி ஜில்லுனு ஆன பால்ல விட்டா அது தூங்கிடும், உங்க தண்ணித் தயிர் நாள் அனேகமா இந்தக் கதைதான்.

இப்ப உறைமோர். சேலத்துல இப்ப அடிக்கிற வெயிலுக்கு அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன், அதுக்கு மேல வேணாம். கேக்க அநியாயமா இருக்கும். ஆனா நெறைய விட்டா நெறைய கெட்டியாகும்னு நெனைக்கிறது தப்பு. அதுல இருக்கற பாக்டீரியா பால்ல இருக்கற லாக்டோஸ் சர்க்கரையத் தின்னுட்டு புளிப்பா லாக்டிக் ஆசிட் விடுது, பால் புளிக்கப் புளிக்க கேசீன் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்குது. மெதுவா புளிச்சா மெதுவா கோக்கும், நெருக்கமா, வழுவழுன்னு. ரெண்டு கரண்டிய கொட்டி கூட்டத்த ஏத்திவிட்டீங்கன்னா அவசர அவசரமா புளிச்சு அவசர அவசரமா இறுகி, வலை சுருங்கி தண்ணிய வெளிய துப்பிடும். உங்க திரிதிரி நாள் அது.

அரை டீஸ்பூன அப்படியே போடாம, ஒரு சின்ன கிண்ணத்துல ஆறின பால் ரெண்டு ஸ்பூன் எடுத்து அதுல கட்டியில்லாம கரைச்சு, அப்புறம் மொத்தப் பால்ல ஊத்தி ஒரு கலக்கு. அதோட கைய எடுத்துடணும். மூடி போட்டு, அசையாத இடம். ரொம்ப முக்கியம் இது, அஞ்சு மணி நேரத்துல நீங்க நாலு தடவ தூக்கி ஆட்டி "உறைஞ்சிடுச்சா"ன்னு பாத்தா பின்ன வலை எப்படிப் பின்னும், அரைகுறையா பின்னினதும் அறுந்துடும். நாலரை மணி நேரம் கழிச்சு பாத்திரத்த லேசா சாய்ச்சுப் பாருங்க, ஓரத்த விட்டு ஒண்ணா நகந்துச்சுன்னா ஆச்சு. உடனே ப்ரிட்ஜ். ப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு மணி நேரம் இருந்தாதான் நெசமான கெட்டி வரும், உறைஞ்ச கையோட கரண்டி போட்டீங்கன்னா தளதளன்னுதான் இருக்கும்.

உங்க மாமியார் எந்தப் பால்ல ஊத்தினாங்கன்னும் கேளுங்க. வீட்டு எருமைப் பால்னா அந்தக் கத்திக் கதைய நான் நம்புறேன். நீங்க நீல பாக்கெட் வாங்கிட்டு அதுக்குப் போட்டி போட முடியாது. நீலம் டோன்டு பால், கொழுப்பு 3 சதவீதம். ஆரஞ்சு ஃபுல் க்ரீம், 6 சதவீதம் கொழுப்பு, மத்த திடப்பொருளும் 9 சதவீதம். தயிருக்குன்னு வாரத்துல ரெண்டு நாள் ஆரஞ்சு வாங்குங்க. கட்டுப்படியாகலன்னா நீலத்துலயே லிட்டருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடர் கரைச்சு காய்ச்சுங்க, வித்தியாசம் தெரியும்.

சென்னைல ஃபேக்டரி வேலை, நாங்க நாலு பேர் ஒரே ரூம். ப்ரிட்ஜ் கிடையாது. நைட்டு உறை ஊத்தினா காலைல புளிச்ச தோசை மாவு மாதிரி வாசம் வருது. பாக்கெட் தயிரே வாங்கிடலாமா?
(ஒரு தம்பி, அம்பத்தூர்)

நைட்டு ஊத்தினா வரத்தான் செய்யும் தம்பி, மே மாசம் உங்க ரூமே உறை அடுப்பு மாதிரி இருக்கும், நாலு மணி நேரத்துல உறையற தயிர நீங்க ஒம்போது மணி நேரம் விட்டுட்டு தூங்குறீங்க. ரெண்டு வழி. ஒண்ணு, பால நல்லா ஆற விட்டு, வெதுவெதுப்பு கூட இல்லாம, ஒரு ஸ்பூன் நுனில தொட்டு எடுக்கற அளவு உறை மட்டும். சொட்டு அளவு. இன்னொண்ணு மண்சட்டி. சின்ன மண்சட்டி ஒண்ணு வாங்கி, ஒரு தட்டுல மணல் கொட்டி தண்ணி தெளிச்சு அது மேல வைங்க. மண்ணுல தண்ணி ஊறி வெளிய வந்து ஆவியாகும்போது சூட்ட எடுத்துட்டுப் போகும், பானைத் தண்ணி ஜில்லுனு இருக்குல்ல அதே கணக்கு.

மார்னிங் ஷிப்ட்டா இருந்தா இன்னும் சுலபம், காலைல டீ போடும்போதே உறை ஊத்திட்டுப் போங்க, மதியம் ரூம்ல யாராவது இருந்தா உடனே கலக்கி உப்பு, தண்ணி விட்டு மோராக்கிடுங்க. அவசரத்துக்குப் பாக்கெட் தயிர் வாங்குறதுல ஒண்ணும் பாவம் இல்ல.

ஊட்டில இருக்கோம். நீங்க சொல்ற அஞ்சு மணி நேரமெல்லாம் இங்க கனவு. டிசம்பர்ல மறுநாள் சாயந்திரம் வரைக்கும் பாலாவே இருக்கு. வேற, கடைசில உறையும்போது கரண்டியால எடுத்தா நூல் நூலா, சளி மாதிரி வருது. குழந்தைங்க தொட மாட்டேங்குதுங்க. சாப்பிடலாமா கூடாதா?
(ஒரு வாசகி, உதகை)

ரெண்டு கேள்வியும் ஒரே கேள்விதான்மா. குளிர்.

பாக்டீரியால பல சாதி இருக்கு. சிலது 42 டிகிரி கிட்ட குஷியா வேல செய்யும், சிலது 20, 25லயே மெதுவா ஊர்ந்துக்கிட்டு இருக்கும். நம்ம வீட்டு உறைமோர்ல எல்லாம் கலந்து கட்டிதான் கெடக்கு. சூடு பத்தலன்னா மொத வகை படுத்துக்கும், குளிர் தாங்குற வகை கை ஓங்கும், அதுல சிலது சர்க்கரைய நீள நீளமா சங்கிலி கோத்து வெளிய விடும். அந்த நூல் அதுதான். வாசனை நல்லா இருந்து, நிறம் மாறாம இருந்தா விஷம் கிடையாது. ஃபின்லாந்துல வீலின்னு ஒண்ணு இருக்கு, இப்படி நூல் விடுற தயிர வேணும்னே பண்ணி ஸ்பூன்ல சுத்திச் சுத்தி சாப்பிடுவாங்க. நமக்கு அது தொண்டைல எறங்காது, அது வேற.

அந்த உறைமோரத் தூக்கிப் போடுங்க, அதுலயே திரும்பத் திரும்ப ஊத்தினா நூல்தான் பெருகும். பக்கத்து வீட்டுல நல்ல உறை ஒரு ஸ்பூன் வாங்குங்க (விளக்கு வெச்சதுக்கு அப்புறம் கேட்டா சில வீட்டுல தர மாட்டாங்க, பகல்லயே போயிடுங்க). பாத்திரத்த கொதிக்கிற தண்ணி ஊத்தி அலசுங்க. உங்க ஊருக்கு அரை லிட்டருக்கு ஒண்ணரை டீஸ்பூன் வரைக்கும் விடலாம், பால விரல் தாங்குற சூட்டுல, கொஞ்சம் கூடவே சூடா.

அதுக்கப்புறம் அந்த சூட்ட காப்பாத்தணும், அதான் உங்க ஊர்ல முழு வேலையும். ஹாட்பாக்ஸ்ல மொதல்ல வெந்நீர் ஊத்தி அஞ்சு நிமிஷம் வெச்சு கொட்டிட்டு, அதுக்குள்ள நேரா பால ஊத்தி மூடிடுங்க. இல்லன்னா இட்லிப் பானைல அடில வெந்நீர் வெச்சு ஸ்டவ்வ அணைச்சுட்டு, தட்டு மேல பால் பாத்திரத்த வெச்சு மூடி, ஒரு பழைய கம்பளி சுத்தி வைங்க. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா அடித் தண்ணிய மட்டும் மாத்தலாம், ஆனா பால் பாத்திரத்த ஆட்டாம. அரிசி டப்பாக்குள்ள புதைச்சு வெக்கிறது எங்க பாட்டி வழி, அரிசி சூட்ட லேசுல விடாது. நான் மொத தடவ பண்ணும்போது மூடி சரியா இல்லாம பத்து கிலோ பொன்னி அரிசி பால் குடிச்சிடுச்சு. மூடிய பாத்துக்கோங்க.

நான் எழுதுறது வெக்கமா இருக்கு. எங்க வீட்டுல மாசத்துல அந்த மூணு நாள் நான் உறை ஊத்தக் கூடாது, ஊத்தினா தயிர் கெட்டுப் போயிடும்னு மாமியார் சொல்றாங்க. மத்த நாள்லயும் எனக்குக் கை ராசி இல்லையாம். இதுல ஏதாவது உண்மை இருக்கா அக்கா?
(ஊர் வேணாம்னு கேட்டிருக்காங்க)

உங்களுக்கு எதுக்கும்மா வெக்கம்.

உறைமோருக்குக் கண்ணு இல்ல, காது இல்ல, நாள் காட்டியும் பாக்கத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சூடு, சர்க்கரை, நேரம், இந்த மூணுதான். கழுவின கைல ஸ்பூன் பிடிச்சு ஊத்துற தயிர் எந்த நாளும் ஒண்ணுதான். ஒரு மெஸ்ல பதினாலு வருஷம் சமைச்சேன், தினம் முப்பது லிட்டர் உறை ஊத்துவோம், சமையக்கட்டுல பொம்பளைங்க ஆறு பேரு, யாரும் எந்த மாசமும் லீவு எடுத்ததில்ல, எந்த நாள் தயிரும் கெட்டதில்ல. இதப் படிச்சுக் காமிங்க.

கை ராசிங்கறதுக்குப் பின்னாடி மட்டும் ஒரு சின்ன உண்மை ஒளிஞ்சிருக்கும். உங்க மாமியார் நாப்பது வருஷமா விரலாலயே சூடு பாத்திருப்பாங்க, இன்னிக்கு வெயில் எப்படின்னு பாத்து உறைய கூட்டிக் குறைச்சிருப்பாங்க, அதச் சொல்லத் தெரியாது, அதனால ராசின்னு பேரு வெச்சாச்சு. ஒரு பத்து நாள் அவங்க ஊத்தும்போது பக்கத்துல நின்னு நீங்களும் பால்ல விரல விட்டுப் பாருங்க. அந்த ராசி உங்களுக்கும் வந்துடும்.

காங்கேயம் பக்கம் தோட்டம்ங்க, சொந்த மாட்டுப் பால். இருவது வருஷமா உறையாத தயிர் இந்தப் பத்து நாளா உறையவே மாட்டேங்குதுங்க. உறைமோர் மாத்தியாச்சு, பாத்திரம் மாத்தியாச்சு. மாட்டுக்கு மடிநோய் வந்து டாக்டர் ஊசி போட்டாரு, அதுக்கப்புறந்தான். சம்பந்தம் இருக்குங்களா?
(ஒரு விவசாயி)

"இருவது வருஷமா உறையாத தயிர்"னு எழுதிட்டீங்க, உறைஞ்ச தயிர்னு எடுத்துக்கறேன். சம்பந்தம் இருக்குங்க, நூத்துக்கு நூறு. மடிநோய்க்குப் போடறது பெரும்பாலும் ஆண்டிபயாட்டிக், அது பால்ல கொஞ்ச நாள் வரும். மாட்டு மடில இருக்கற கிருமிய கொல்ற மருந்து உங்க உறைமோர்ல இருக்கற நல்லதையும் சேத்துக் கொல்லும், அதுக்கு ஆள் அடையாளம் தெரியாதே. காய்ச்சினா போயிடும்னு நெனைக்காதீங்க, முழுசா போகாது. நோய் கண்ட மடிப் பால்ல கேசீனும் கொறஞ்சிருக்கும், அதனாலயும் இறுகாது.

எத்தன நாள் பால ஒதுக்கணும்ங்கறது மருந்துக்கு மருந்து மாறும், ஊசி போட்ட டாக்டர்கிட்டயே கேளுங்க. அது வரைக்கும் வீட்டுக்கும் வேணாம், சொசைட்டிக்கும் ஊத்த வேணாம். நஷ்டம்தான், தெரியும். ஆனா அந்தப் பால குழந்தை குடிக்கும். உங்க கேள்விய இந்த மாச முதல் பரிசுக்கு எடுத்திருக்கேன், ஏன்னா தயிர் உறையலன்னதும் எல்லாரும் கைய, பாத்திரத்த, அமாவாசைய சந்தேகப்படுவாங்க, நீங்கதான் ஊசிய சந்தேகப்பட்டிருக்கீங்க.

டொரன்டோ வந்து ரெண்டு மாசம். இங்க கடைல யோகர்ட்தான் கிடைக்குது, அம்மா தயிர் ருசி இல்ல. உறைமோர் கேக்க தெரிஞ்சவங்க யாரும் இல்ல. மிளகாக் காம்பு போட்டா தயிர் வரும்னு அம்மா போன்ல சொல்றாங்க. நெசமாவா? இல்ல ஊர்க்கதையா?
(ஒரு மாணவி)

வரும் கண்ணு. ஆனா மொத தடவையே அம்மா தயிர் வந்துடும்னு எதிர்பாக்காத. செடில, காய்ல, காம்புல எல்லாம் லாக்டிக் ஆசிட் பண்ற பாக்டீரியா கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதத்தான் பால்ல விட்டு வளக்கறோம். உங்க ஊர்ல பால் பை பையா வரும், மூணு பை சேந்து 4 லிட்டர்னு, அதுல 3.25 சதவீதக் கொழுப்பு இருக்கற பால எடுத்துக்கோ. ரெண்டு டம்ளர் நல்லா காய்ச்சி, கொஞ்சம் சூடாவே இருக்கும்போது, காம்போட இருக்கற மிளகா ஏழெட்ட காம்பு முழுகற மாதிரி போடு. பச்சையோ காஞ்சதோ எதா இருந்தாலும் சரி. உடையாத மிளகாயா பாத்துப் போடு, இல்லன்னா தயிர் உறைக்கும். ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு (சூடு போடாத, லைட்டு மட்டும்) உள்ள வெச்சு மூடிடு. அந்த பல்பு சூடே போதும். பன்னெண்டு மணி நேரமும் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்.

வர்றது தளதளன்னு, ஒரு மாதிரி வாசத்தோட இருக்கும். அதச் சாப்பிடாத. அதுல ஒரு ஸ்பூன் எடுத்து புதுப் பால்ல ஊத்து, அதுல இருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மூணாவதுல ஊத்து. மூணாவது நல்லா வரும். நடுவுல எங்கயாவது ரோஸ் கலர், பச்சை, பூசணம், அழுகின நாத்தம் எது தெரிஞ்சாலும் மொத்தமா கொட்டிட்டு மொதல்ல இருந்து ஆரம்பி, மேல எடுத்துட்டு கீழ சாப்பிடலாம்ங்கற சிக்கனம் இதுல வேணாம்.

பொறுமை இல்லன்னா கடைல சர்க்கரை, பழம் எதுவும் சேக்காத யோகர்ட்ல, உயிருள்ள பாக்டீரியா இருக்குன்னு டப்பால போட்டிருக்கறதா பாத்து சின்னது ஒண்ணு வாங்கி, அத உறையா ஊத்து. ருசி கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கும், ஆனா மோர்சாதம் மோர்சாதமாதான் இருக்கும். ஏன் ருசி மாறுதுங்கறது அடுத்த கேள்வில இருக்கு.

யோகர்ட்டும் தயிரும் ஒண்ணா வேறயா? என் பசங்க ரெண்டும் ஒண்ணுதான்னு சண்டை போடுறாங்க.
(ஒரு ஆசிரியை, கும்பகோணம்)

அக்கா தங்கச்சி டீச்சர், ஒரே ஆள் இல்ல. யோகர்ட்ங்கறது துருக்கிச் சொல். அதுல ரெண்டு குறிப்பிட்ட பாக்டீரியா கண்டிப்பா இருக்கணும், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். ரெண்டும் 40 டிகிரிக்கு மேல சந்தோஷமா இருக்கறது. பல்காரிகஸ்ங்கற பேர்லயே பல்கேரியா இருக்கு பாருங்க, அந்த நாட்டுல பொறந்த ஸ்டாமென் கிரிகோரோவ்ங்கற மாணவர் 1905ல ஜெனீவால இருந்து கண்டுபிடிச்சது. அப்புறம் 1908ல நோபல் பரிசு வாங்கின மெட்ச்னிகாஃப், பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்தவர், பல்கேரியாக்காரங்க ரொம்ப நாள் வாழுறதுக்கு இந்தப் புளிச்ச பால்தான் காரணம்னு பேசி ஐரோப்பா முழுக்க பிரபலம் ஆக்கிட்டாரு. ஆயுசு கூடும்ங்கறது அவரோட நம்பிக்கை, நிரூபணம் ஆகல.

நம்ம தயிர்ல லாக்டோகாக்கஸ் மாதிரி வெப்பம் கம்மியா கேக்கறதும் கலந்து இருக்கும். எது எவ்வளவுன்னு வீட்டுக்கு வீடு மாறும். அதனாலதான் எதிர் வீட்டுத் தயிர் வேற ருசி, நம்ம வீட்டுத் தயிர் வேற ருசி. பால் கொஞ்சம் குடிச்சாலே வயிறு உப்புறவங்க தயிர் சாப்பிட்டா தாங்குதுன்னு சொல்றாங்களே, அதுக்கு ரெண்டும் உதவும், லாக்டோஸ்ல ஒரு பங்க பாக்டீரியா ஏற்கனவே தின்னுடுது, மிச்சத்த செரிக்கவும் கை குடுக்குது.

பேர் விஷயத்துல நாம ஒரு தடவ சண்டையே போட்டாச்சு, பசங்களுக்கு அதையும் சொல்லுங்க. 2023 மார்ச்ல பாக்கெட்ல "தஹி"ன்னு பெருசா போட்டு தயிர்ங்கறத அடைப்புக்குறிக்குள்ள போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல இருந்து உத்தரவு வந்துச்சு. அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலின்ல இருந்து டீக்கடை வரைக்கும் எதிர்ப்பு. அந்த மாசம் முடியறதுக்குள்ளயே உத்தரவ மாத்திட்டாங்க. தயிருக்குன்னு கோபப்படுற ஊரு நம்ம ஊரு.

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். எங்கட எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. உங்கட ஆக்கள் ஏன் எவர்சில்வரில உறைய வைக்கிறியள்?
(ஒரு வாசகர்)

குத்துறீங்களே ஐயா! ஒத்துக்கறேன். எருமைப் பால்ல கொழுப்பே 6ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் இருக்கும், புரதமும் பசும்பால விடக் கூட. அத மண்சட்டில ஊத்தினா சட்டி கொஞ்சம் தண்ணிய வேற குடிச்சிடும், பின்ன கவுத்தா எப்படி விழும். அது மேல கித்துள் பாணி (கித்துள்ங்கற பனை வகை மரத்துப் பதநீர காய்ச்சி எடுக்கற பாகு) விட்டு சாப்பிடறத ஒரு தடவ ஒரு கல்யாணத்துல பாத்தேன், சாப்பிட்டேன், அப்புறம் மறுபடி சாப்பிட்டேன்.

நாங்க எவர்சில்வருக்குப் போனது கழுவுற சோம்பேறித்தனத்துனாலதான். மண்சட்டிய சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, சோப்பையும் குடிச்சிடும், வெந்நீர்ல தேங்கா நார் போட்டுத் தேய்ச்சு வெயில்ல காய வெக்கணும். எங்க வீட்டுல இன்னும் ஒரு கல்சட்டி இருக்கு, ஞாயித்துக்கிழமை தயிர் அதுலதான். பித்தளை, செம்பு, அலுமினியத்துல மட்டும் யாரும் ஊத்தாதீங்க, புளிப்பு பட்டா பித்தளை, செம்புல களிம்பு ஏறும், அலுமினியம் கொஞ்சம் கரையும்.

தயிர் மேல நிக்கற மஞ்சத் தண்ணிய கீழ ஊத்திடலாமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

ஐயய்யோ. சப்பாத்தி மாவு பிசைங்க. இல்லன்னா ரசத்துல விடுங்க.

நாங்க பால், மாட்டுப் பொருள் எதுவும் சாப்பிடறதில்ல. தேங்காப் பால்ல தயிர் வருமா?
(ஒரு தம்பதி, கோவை)

புளிக்கும், ஆனா தானா இறுகாது, ஏன்னா அதுல கேசீன் இல்ல. நிலக்கடலைப் பாலும் சோயாப் பாலும் தேவலாம், அதுல புரதம் கூட இருக்கறதால ஓரளவு கூடும். மிளகாக் காம்பு வழிய மேல டொரன்டோ பொண்ணுக்கு எழுதியிருக்கேன், உங்களுக்கும் அதேதான், உறைமோர் கேட்டா அதுல பால் இருக்குமே. கடலைய ராத்திரி ஊறவெச்சு, தோல் நீக்கி, அரைச்சு, துணில வடிகட்டி, அத நல்லா காய்ச்சி ஆத்திக்கோங்க. மொத தடவ கடலை வாசம் தூக்கலா இருக்கும், தாளிச்சு பச்சடியா பண்ணிட்டீங்கன்னா தெரியாது.

ரயில்ல நாலு பேர் டெல்லி போறோம், முப்பது மணி நேரத்துக்கு மேல. தயிர்சாதம் எடுத்துட்டுப் போனா ராத்திரிக்குள்ள புளிச்சு ஊத்திடுது. வழி சொல்லுங்க.
(ஒரு வாசகி, விழுப்புரம்)

தயிர் போடாம தயிர்சாதம் பண்ணுங்க!

வெளையாட்டில்ல. சாதத்தக் குழைய வடிச்சு, சூடா இருக்கும்போதே நல்லா மசிச்சு, காய்ச்சின பால ஊத்திப் பிசைங்க, பாயசம் மாதிரி தளர இருக்கணும், போகப் போக இறுகிடும். ஒரு ஸ்பூன் வெண்ணெய் வேணா போடலாம். கை பொறுக்கற சூட்டுக்கு நல்லா ஆறினதுக்கு அப்புறம் ஒரே ஒரு டீஸ்பூன் தயிர். உப்பு, கடுகு, இஞ்சி, பச்சை மிளகா, பெருங்காயம். காலைல கிளம்பும்போது இது பால்சாதம், மதியம் ரெண்டு மணிக்குத் தயிர்சாதம், சாதத்துக்குள்ளயே உறைஞ்சிருக்கும். நான் மேல சேலத்துப் பொண்ணுக்குச் சொன்ன அதே வேலைதான், பாத்திரம் மட்டும் டிபன் டப்பா.

ஆனா இது ஒரு வேளைக்குத்தான். ராத்திரிக்கு வெச்சுக்காதீங்க, ரயில் சூட்டுல சாதம் சீக்கிரம் கெடும், புளிப்பு மட்டும் பிரச்சினை இல்ல. ராத்திரிக்கு புளியோதரை, மறுநாளுக்கு மொளகாப்பொடி தடவின இட்லி. வெங்காயம், வெள்ளரிக்கா, மாதுளை எதையும் முன்னாடியே கலக்காதீங்க, தண்ணி விடும், தனி டப்பால எடுத்துப் போங்க. அப்புறம் மாவடு. மாவடு இல்லாம ரயில்ல தயிர்சாதம் தின்னுட்டு வந்து எனக்குக் கடுதாசி போடக் கூடாது.